புரட்சி விரட்டிய சிறுவன்



1789ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் பாரிஸ் மாநகர மக்கள் பஸ்தில் சிறைக்கோட்டையைக் கைப்பற்றிய வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்நாளில் பிரான்சின் தென்பகுதியிலுள்ள எக்ஸ் நகரின் மாளிகை ஒன்றில், ஏழு வயது நிரம்பாத ஒரு சிறுவன் வேலைக்காரர் சூழ வளர்ந்துகொண்டிருந்தான். அவன் பெயர் யூஜின் டி மசெனட். நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன்மாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள், அச்சிறுவன் பின்னாளில் தாபித்த அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர்கள். ஆகவே அவருடைய கதை நமக்கு அந்நியமான கதையன்று.

யூஜின் 1782ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் பிறந்தார். தந்தை அரச நீதிமன்றம் ஒன்றின் தலைவர்களுள் ஒருவர், பிரபு குலத்தவர். தாய் பிரபு குலத்தவர் அல்லர். ஆனால் பெரும் செல்வக் குடும்பத்துப் பெண். ஒருவர் பட்டத்தைக் கொண்டுவந்தார், மற்றவர் பணத்தைக் கொண்டுவந்தார். அக்காலத்துப் பிரான்சில் இத்தகைய திருமணங்கள் சாதாரணம்.

அந்த நாட்டின் நிலையை நாம் மறைக்காமல் பார்க்க வேண்டும். வரிச்சுமையின் பெரும்பகுதியைக் குடியானவரும் தொழிலாளரும் சுமந்தனர். பிரபுக்களும் திருச்சபையின் மேல்மட்டத்தினரும் பல வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். ஆயர்களுள் ஏறக்குறைய எல்லோருமே பிரபு குலத்தினர். கிராமத்துப் பங்குக் குருவோ தம் மக்களைப் போலவே வறுமையில் வாடினார். புரட்சி வெறும் பொல்லாதவர்களின் வேலை என்று சொல்லித் தப்பிவிட முடியாது. நியாயமான பசியும் நியாயமான கோபமும் அதன் வேரில் இருந்தன.

ஆனால் கோபம் தன் எல்லையைத் தாண்டியது. 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துக்கள் அரசுடைமையாயின. 1790இல் ஆயர்களையும் குருக்களையும் தேர்தல் மூலம் நியமிக்கும் சட்டம் வந்தது. அதற்குச் சத்தியம் செய்ய மறுத்த குருக்கள் பங்கை இழந்தனர். 1792 செப்டெம்பரில் பாரிஸ் சிறைகளில் மூன்று ஆயர்களும் ஏறத்தாழ இருநூறு குருக்களும் படுகொலை செய்யப்பட்டனர். 1793 ஜனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னனின் தலை துண்டிக்கப்பட்டது. பின்னர் புரட்சி தன் சொந்தப் பிள்ளைகளையே விழுங்கத் தொடங்கியது.

எக்ஸ் நகரிலும் 1790 டிசம்பரில் கூட்டத்தினர் சிலரைத் தூக்கிலிட்டனர். யூஜினின் தந்தை உயிர் தப்பி நாட்டை விட்டு ஓடினார். அடுத்த ஆண்டு எட்டு வயதுச் சிறுவனும் நீஸ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அங்கிருந்து டூரின், பிறகு வெனிஸ், பிறகு நேப்பிள்ஸ், பிறகு சிசிலித் தீவின் பலெர்மோ. பிரெஞ்சுப் படைகள் முன்னேற முன்னேற, அந்தக் குடும்பம் ஊர்விட்டு ஊர் நகர்ந்தது. பணம் கரைந்தது, படிப்பு அறுந்தது. இடம்பெயர்ந்து வாழும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களாகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெனிஸ் நகரில் அவர்கள் வீட்டுக்கு அயலில் பர்த்தலோமேயு சினெல்லி என்ற இளங்குரு வசித்தார். வீதியில் வீணே பொழுதுபோக்கவிருந்த அச்சிறுவனைத் தம் வீட்டுக்கு அழைத்து, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கூலியின்றிக் கற்பித்தார். செபிக்கவும் பழக்கினார். யூஜினின் குருத்துவ ஆசைக்கு முதல் வித்து அங்கேதான் விழுந்தது.

இதற்கிடையில் குடும்பமே இரண்டாகப் பிளந்தது. 1795இல் தாய் மகளுடன் பிரான்சுக்குத் திரும்பினார். பறிமுதலான தம் சொத்தை மீட்பதற்காக, புரட்சி அரசு கொண்டுவந்த விவாகரத்துச் சட்டத்தைப் பயன்படுத்தினார். சொத்து மீண்டது, ஆனால் கணவனோடு மீண்டும் வாழ அவர் இணங்கவில்லை. 1802இல் இருபது வயது இளைஞராக வீடு திரும்பிய யூஜின், தாயையும் தந்தையையும் ஒன்றுசேர்க்க ஆண்டுக்கணக்காக முயன்றார். அது கைகூடவில்லை. புரட்சியிலே மாளிகை போனது பெரிதன்று. இந்த முறிவே அவர் நெஞ்சில் ஆறாத புண்.

அப்போது அவர் புனிதராக இருந்தாரா? இல்லை. இழந்த கௌரவத்தை மீட்பதே அவர் நினைவு. பெரும் சீதனத்தோடு வரும் மணமகளைத் தேடினார். முன்கோபமும் குலப்பெருமையும் அவரிடம் மிகுந்திருந்தன. அந்த இளைஞரை மாற்றியது 1807ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி என்பது மரபு. திருச்சிலுவைக்கு முன்னால் தம் பாவங்களை எண்ணி அவரால் கண்ணீரை அடக்க முடியவில்லை. மறு ஆண்டு, தாயின் மறுப்பையும் மீறி, பாரிஸிலுள்ள புனித சுல்பீஸ் குருமடத்தில் சேர்ந்தார்.

மன்னராட்சி போய், நெப்போலியனின் பேரரசு வந்திருந்த காலம் அது. பாப்பரசர் ஏழாம் பத்திநாதரையே அவன் சிறைப்படுத்தியிருந்தான். அவனுடைய விருப்பப்படி பாரிஸ் மறைமாவட்டத்தை நடத்திய கர்தினாலின் கையால் குருப்பட்டம் பெற யூஜின் விரும்பவில்லை. அமியேன் நகருக்குச் சென்று 1811 டிசம்பர் 21இல் அபிஷேகம் பெற்றார்.

புரட்சியின் உண்மையான விளைவை அவர் கண்டது ஊர் திரும்பிய பின்னரே. கோவில்கள் திறந்திருந்தன, ஆனால் பத்தாண்டுக் காலம் ஞானோபதேசம் கேளாமல் வளர்ந்த ஒரு தலைமுறை வெளியே நின்றது. உள்ளே நடந்த அழகிய பிரெஞ்சுப் பிரசங்கங்கள் படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கின. கூலிகளும் வேலைக்காரிகளும் பேசியது புரோவென்சால் மொழி. 1813ஆம் ஆண்டுத் தபசு காலத்தில், வேலைக்குப் போகுமுன் வரக்கூடிய அதிகாலை ஆறு மணிக்கு, மதலேன் கோவிலில் அவர்களுடைய மொழியிலேயே அவர் பிரசங்கித்தார். கூலிகளும் குடியானவரும் பிச்சைக்காரரும் கடவுளின் பிள்ளைகள், அரச குலத்தினரிலும் மேலான மகிமையுடையவர்கள் என்று எடுத்துரைத்தார். கோவில் நிறைந்தது. நகரத்துப் பெரியவர் சிலர் முகம் சுளித்தனர்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். எந்த மக்களின் எழுச்சியால் அவர் குடும்பம் எல்லாம் இழந்ததோ, அந்த மக்களின் பிள்ளைகள் முன்னால்தான் அவர் நின்றார். பழிவாங்க நிற்கவில்லை, பழைய மரியாதையைக் கேட்கவும் நிற்கவில்லை. அவர்களுடைய மாண்பை அவர்களுடைய மொழியிலேயே சொல்ல நின்றார். புரட்சி வாளால் கேட்ட சமத்துவத்தை அவர் சுவிசேஷத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எல்லோரும் செய்திருந்தால் அத்தனை இரத்தம் சிந்தியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1816 ஜனவரி 25ஆம் நாள், புரட்சியில் பறிபோய் விற்கப்பட்டிருந்த ஒரு பழைய கார்மேல் மடத்தில், சில குருக்களோடு சேர்ந்து சமூகமாய் வாழத் தொடங்கினார். கைவிடப்பட்ட கிராமங்களுக்குப் போவதே அவர்கள் வேலை. 1826 பெப்ரவரி 17இல் பாப்பரசர் பன்னிரண்டாம் சிங்கராயர் அச்சபையை அங்கீகரித்தார்.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1830 யூலையில் பாரிஸில் மறுபடியும் புரட்சி வெடித்தது. பத்தாம் சார்ல்ஸ் மன்னன் முடியிழந்தான். பல ஊர்களில் திருச்சிலுவைகள் வீழ்த்தப்பட்டன. 1832இல் அரசின் அனுமதியின்றி உரோமையில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதற்காகப் புதிய அரசு அவருடைய குடியுரிமையையே சில காலம் பறித்தது. ஆயினும் 1837இல் மார்செய் நகரின் ஆயரானார். 1848இல் மன்னராட்சி கவிழ்ந்தபோதும் தம் மக்களை விட்டு நகரவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு, 1847இல், யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஆயர் பெத்தக்கீனி ஆண்டகை குருக்கள் வேண்டுமென்று அவரிடம் மன்றாடினார். ஆள் பற்றாக்குறை இருந்தும், செமேரியா அடிகளாரின் தலைமையில் ஒரு சிறு குழுவை அனுப்பினார். வந்தவர்கள் தமிழ் கற்று, காடும் கடற்கரையும் நடந்தனர். ஏழையோடு ஏழையின் மொழியில் பேசு என்ற பாடம் எக்ஸ் நகரிலிருந்து நம் கரைக்கு வந்த வழி இதுவே. அவர் நம் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை.

1861 மே 21ஆம் நாள் மார்செய் நகரில் உயிர் நீத்தார். 1995 டிசம்பர் 3ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

முறிந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளை, ஊரிழந்த பிள்ளை, பள்ளி இழந்த பிள்ளை நம் பங்குகளிலும் உண்டு. அத்தகைய பிள்ளையின் எதிர்காலம் முடிந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். அயல் வீட்டுக் குரு ஒருவர் தம் கதவைத் திறந்ததால் யூஜின் கிடைத்தார். இன்று உங்கள் அயலில் நிற்கும் பிள்ளைக்கு உங்கள் கதவு திறந்திருக்கிறதா?