தீர்ந்தாலும் உயிர்பெறும் பேட்டரி!

சுட்டீஸ்! சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்புகிறதே, அதற்கு முதல் சக்தி தருவது பேட்டரி. அந்த வகை பேட்டரியை உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே.

1834-ல் ஓர்தெஸ் என்ற ஊரில் பிறந்தார். 1855-ல் பாரிஸ் அருகே, பறக்க முடியாத ராட்சதப் பறவை ஒன்றின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அந்தப் பறவைக்கு இவர் பெயரையே சேர்த்து 'காஸ்டார்னிஸ்' என்று பெயர் வைத்தார்கள்!

அப்போதைய பேட்டரிகள், உள்ளே இருக்கும் ரசாயனம் தீர்ந்ததும் அவ்வளவுதான். 1859-ல் பிளாந்தே, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, கந்தக அமிலத்தில் வைத்தார். மின்சாரம் செலுத்தியதும் அது சேமித்துக்கொண்டது. தீர்ந்தபின் மறுபடியும் சார்ஜ் ஆனது!

1889-ல் அவர் மறைந்தார். பேட்டரியால் கிளம்பும் பெட்ரோல் கார் விற்பனைக்கு வந்ததோ 1912-ல்தான்.

இன்றும் பல கார் பேட்டரிகளில் அதே ஈயமும் அமிலமும்தான் இருக்கின்றன. அமிலம் பட்டால் தோலும் கண்ணும் புண்ணாகும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு, சிறு தீப்பொறியிலும் வெடிக்கும். எனவே, வீட்டில் பெரியவர்கள் பேட்டரி மாற்றினால் தள்ளி நின்று கவனியுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியச் சொல்லுங்கள். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் பிளஸ் முனையைத் திருகும் ஸ்பேனர் தவறிக் காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. சரியா?