ஒலியை அளந்த பேராசிரியர் சேபின்

நாம் பேசும் அறையே நம் பேச்சைக் கெடுத்துவிடக் கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இதனை ஆராய்ந்து ஓர் அறிவியல் துறைக்கே வித்திட்டவர் வாலஸ் கிளெமென்ட் சேபின் ஆவார்.

இவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். 18ஆம் வயதிலேயே பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியரானார்.

1895இல் அங்குப் புதிதாக எழுந்த ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. அங்கே சொன்ன ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை சுவர்களில் மோதி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து கலந்துவிடும். இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு இளைஞர் சேபினிடம் ஒப்படைக்கப்பட்டது.

பகலில் தெருவின் இரைச்சல் மிகுதி. ஆகவே நள்ளிரவுக்குப் பின்னரே ஆராய்ந்தார். ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, அவ்வொலி அடங்க ஆகும் நேரத்தைக் குறித்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளருடன் சுமந்து வந்து பரப்பினார். மெத்தைகள் கூடக்கூட ஒலி விரைவில் அடங்கியது. பொழுது புலருமுன் அவற்றைத் திரும்பக் கொண்டு சேர்ப்பார்.

ஒரு சமயம், தாம் அணிந்திருக்கும் உடையும் ஒலியைச் சிறிது உறிஞ்சுவதை அவர் கண்டார். கண்டதும், அதுவரை அரும்பாடுபட்டு எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே வகை உடையணிந்து முதலிலிருந்து தொடங்கினார்! 1898இல் உண்மை புலப்பட்டது. அறை பெரிதானால் ஒலி நெடுநேரம் நிற்கும்; உறிஞ்சும் பொருள் மிகுந்தால் விரைவில் அடங்கும். இவ்விதியின் துணையுடன் அமைந்த பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் விமரிசகர் சிலர் குறை கூறினர். இன்றோ அது உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களுள் ஒன்று.

நம் வீட்டில் பதிவிசை கேட்கும்போதும் அறையின் ஆட்சி உண்டு. நேரே வரும் ஒலி மிகுந்தால் பாடுபவர் அருகில் இருப்பதாகவும், சுவரில் மோதி வரும் ஒலி மிகுந்தால் தொலைவில் இருப்பதாகவும் செவி உணர்கிறது. ஒலிபெருக்கியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், நம் அறையின் எதிரொலி உடனே கலந்து, பதிவிலுள்ள மண்டபத்தின் ஆழத்தை மறைத்துவிடும். அதனைச் சற்றுத் தள்ளி வைத்து, திரைச்சீலையும் கம்பளமும் இட்டால், முன்னே பாடுபவரும் பின்னே வாசிப்பவரும் தனித்தனியே புலப்படுவர்.

1919ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தமது 50ஆம் வயதில் சேபின் மறைந்தார். ஒலியுறிஞ்சலின் அளவைக்கு அவர் பெயரே வழங்குகிறது. பிறர் அறியாத சிறு பிழையையும் பொறுக்காத அவரது நேர்மையை, அன்பு மாணவியரே, நாமும் நம் சிறு சிறு பணிகளில் கைக்கொள்வோமாக!