கல்லில் கண்ட கழனி

மண்ணுள் மறைந்த மனித வரலாற்றைக் கற்களின் துணைகொண்டு கண்டறிந்தவர் இராபர்ட் புரூஸ் பூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இவர், 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலின் மகளை மணந்தார்.

பாறைகளை ஆராய்ந்து நிலப்படம் வரைவதே பூட்டின் கடமை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் கிடைத்த ஒரு கல், அவர் வாழ்வின் திசையை மாற்றியது. அது இயற்கையாக உடைந்த கல்லன்று. மனிதன் செதுக்கிய கைக்கோடரி. அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் இணைந்து அதிரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவிலும் வாழ்ந்தான் என்பது இவற்றால் உறுதியாயிற்று.

வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மனிதன் எப்போது உழவனானான்? இவ்வினாவிற்கு விடைதேட உதவும் சான்றுகளையும் பூட் திரட்டினார். சேர்வராயன் மலைப்பகுதியில் வழவழப்பாகத் தீட்டப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். வேறு இடங்களில் தானியம் அரைக்கும் கற்களையும் கண்டார். கோடரி காடு திருத்த உதவும். அரைகல் தானிய உணவைச் சுட்டும். ஆயினும், அம்மக்கள் உண்ட தானியம் எதுவெனக் கற்கள் கூறவில்லை.

பெல்லாரிப் பகுதியில் சிறு குன்றுகள்போல் நின்ற சாம்பல் மேடுகள் மற்றொரு புதிராயின. ஹம்பிக்கு அருகிலுள்ள மேட்டை, வாலியின் உடல் எரிந்த சாம்பல் என மக்கள் நம்பினர். மனித உடல்களைப் பெருந்திரளாக எரித்த இடங்களே இம்மேடுகள் என்று அறிஞர் சிலர் கருதினர். பூட் அதனை ஏற்கவில்லை. புதிய கற்கால மக்கள் தம் கால்நடைகளின் சாணத்தை எரித்ததால் உருவானவை அவை என்றார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், உத்னூரில் ஆல்சின் நடத்திய அகழாய்வு அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

பணி ஓய்விற்குப் பின் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் நிலவியலாளராகப் பணியாற்றிய பூட், ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். தாம் சேர்த்த கற்கருவிகள் ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்து விரிவான பட்டியல் எழுதினார். அச்சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். அவரது அஸ்தி ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. பட்டியலின் முதல் தொகுதி அவர் மறைவிற்குப் பின், 1914இல் வெளிவந்தது.

கற்கள் கூறாத விடையைக் கரிந்த விதைகள் பின்னாளில் கூறின. அகழ்ந்த மண்ணை நீரில் கரைத்தால் கரியான விதைகள் மேலே மிதக்கும். அவற்றை வடித்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது தொல்தாவரவியலாரின் முறை. பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனக்கல்லு முதலிய இடங்களில் இவ்வாறு ஆராய்ந்தபோது, குலசாமையும் தினைக்கு உறவான ஒரு சிறுதானியமும் கொள்ளும் பாசிப்பயறும் வெளிப்பட்டன. நம் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியிலும் கரிந்த பயறு வகைகள் கிடைத்தன. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்திய உழவர் இம்மண்ணுக்குரிய புன்செய்ப் பயிர்களை விளைவித்தனர் என்பதும், கோதுமையும் வாற்கோதுமையும் இங்குப் பின்னரே வந்தன என்பதும் தெளிவாயின.

அத்தானியங்களைப் பூட் கண்டதில்லை. எனினும், எந்தக் கல் எங்குக் கிடைத்தது என்று அவர் பிழையற எழுதி வைத்த குறிப்புகள், எங்கே தோண்ட வேண்டும் என்பதைப் பின்வந்தோர்க்குக் காட்டின. தம் காலத்தில் விடை கிட்டாத வினாவிற்கும் சான்றுகளைப் பேணிவைத்த அந்நேர்மையே, அறிவுலகிற்கு அவர் விட்டுச்சென்ற செல்வம்.