வயிற்றில் பை... கையில் கோப்பை! கோல்ஃப் ராணி பேப் ஜஹாரியாஸின் கதை

வயிறு சரியில்லைன்னு ஆபீஸுக்கு லீவ் சொல்லக் கூச்சப்பட்டு, 'ஃபீவர்'னு மெசேஜ் தட்டிவிட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கா? நம்மில் பலருக்கு இருக்கும். அப்படின்னா பேப் ஜஹாரியாஸை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். 1953-ல், புற்றுநோய்ங்கிற வார்த்தையையே ரகசியமா முணுமுணுத்துக்கிட்டிருந்த அமெரிக்காவில், தனக்குக் குடலில் புற்றுநோய் வந்திருக்குன்னு ஊரறியச் சொன்ன கோல்ஃப் சாம்பியன் இவங்க.

இயற்பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். 1911-ல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் பிறந்தாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் நார்வேயிலிருந்து பிழைக்க வந்தவங்க. வீட்டில் மொத்தம் ஏழு பிள்ளைங்க, வசதி ரொம்பக் குறைவு. பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் மாதிரி பந்தை விளாசினதால்தான் 'பேப்'ங்கிற பட்டப்பேர் வந்துச்சுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க.

டல்லாஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இவங்களை வேலைக்கு எடுத்தது. பேருக்கு ஆபீஸ் வேலை, நிஜத்தில் கம்பெனியின் கூடைப்பந்து டீமுக்காக. 1932-ல் தேசிய தடகளப் போட்டிக்கு அந்தக் கம்பெனி அனுப்பிய 'டீம்' எவ்வளவு பெரிசு தெரியுமா? பேப் ஒரே ஒருத்தர்தான்! எட்டுப் போட்டிகளில் இறங்கி 30 புள்ளி எடுத்தாங்க. ரெண்டாவதா வந்த டீமில் 22 பேர், எடுத்தது 22 புள்ளி.

அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். ஒரு பெண் மூணு தனிப் போட்டிக்கு மேல கலந்துக்கக் கூடாதுன்னு விதி. சரின்னு அந்த மூணிலும் மெடல் அடிச்சாங்க. ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம். உயரம் தாண்டுதலில் முதலிடத்துக்குச் சமமா தாண்டியும், தாண்டிய ஸ்டைல் சரியில்லைன்னு நடுவர்கள் சொல்லிட்டதால் வெள்ளி.

இத்தனை மெடல் வாங்கினா லைஃப் செட்டில்னுதானே நினைப்பீங்க? அதான் இல்லை. அன்னிக்குப் பெண்கள் விளையாட்டில் காசே கிடையாது. மேடையில் வித்தை காட்டி, ஊர் ஊரா கூடைப்பந்து, பேஸ்பால் ஆடி சம்பாதிச்சாங்க. பத்திரிகைக்காரங்க சிலர் இவங்க திறமையை விட்டுட்டு தலைமுடியையும் உடம்பையும் கிண்டலடிச்சாங்க. இன்னிக்கு கமென்ட் பாக்ஸில் நடக்குற அதே கூத்துதான்.

அப்புறம் பேப் கோல்ஃபைக் கையில் எடுத்தாங்க. உள்ளங்கை கொப்புளிச்சு ரத்தம் வர்ற வரைக்கும் பயிற்சி. டேப் சுத்திக்கிட்டு மறுபடியும் அடிப்பாங்க. 1935-ல் டெக்சாஸ் மாநில அமெச்சூர் பட்டம் ஜெயிச்ச கையோடு அடுத்த இடி. மத்த விளையாட்டுகளில் பணம் வாங்கியிருக்கீங்க, அதனால் நீங்க அமெச்சூர் இல்லைன்னு கோல்ஃப் சங்கம் கதவைச் சாத்திடுச்சு. புரொஃபஷனலா ஆடலாம்னு பார்த்தா, பெண்களுக்கு அந்த மாதிரிப் போட்டிகளே சொற்பம்!

பேப் அசரலை. 1938-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன் போட்டியில் ஆண்களோடவே களம் இறங்கினாங்க. அடுத்த சுற்றுக்குப் போக முடியலை. ஆனா அன்னிக்குக் கூட ஆடிய மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஜஹாரியாஸோட லவ்வாகி, அதே வருஷம் கல்யாணமும் ஆச்சு. பரிசுப் பணமே வாங்காம காத்திருந்து, 1943-ல் அமெச்சூர் தகுதியைத் திரும்ப வாங்கினாங்க. 1946-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 1947-ல் ஸ்காட்லாந்துக்குப் போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பெண் ஆனாங்க. அப்புறம் புரொஃபஷனல். ஆடப் போதுமான போட்டிகள் இல்லையா? நாமளே உருவாக்கிடலாம்னு 1950-ல் 13 பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ அமைப்பைத் தொடங்கினாங்க. அதில் பேப்பும் ஒருத்தர். இன்னிக்கு உலகம் முழுக்கப் பெண்கள் கோல்ஃப் ஆடி சம்பாதிக்கிற மேடை அதுதான்.

இப்ப 1953-க்கு வருவோம். ஏப்ரல் மாசம், ஆபரேஷன். குடலில் ஒரு பகுதியை எடுத்துட்டு, வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியேற ஒரு வழி செஞ்சாங்க. கொலோஸ்டமின்னு பேர். இனிமே வாழ்நாள் முழுக்க வயிற்றிலேயே ஒரு பை. போட்டியெல்லாம் இனி கனவுதான்னு பலரும் முடிவு கட்டிட்டாங்க. பேப் தன் கோல்ஃப் மட்டைகளை ஆஸ்பத்திரி ரூமிலேயே கண்ணில் படுற மாதிரி வெச்சுக்கிட்டாங்க. நாலு மாசத்துக்குள்ள போட்டிக்கும் வந்துட்டாங்க.

1954 ஜூலை, மாசசூசெட்ஸ். அமெரிக்கப் பெண்கள் ஓப்பன். கோல்ஃபில் குறைவான அடியில் முடிக்கிறவங்கதான் வின்னர். கடைசி நாளில் மட்டும் 36 குழி, அதாவது ஒரே நாளில் ரெண்டு முழு ஆட்டம். ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கே கால் வலிக்கும் தூரம். பேப் மொத்தம் 291 அடியில் முடிச்சாங்க. ரெண்டாமிடம் வந்தவருக்கு 303. 12 அடி வித்தியாசம்!

தன்னை மாதிரி ஆபரேஷன் ஆனவங்க இதைப் பார்த்து தைரியமா இருக்கணும்னு பேப் வெளிப்படையாச் சொன்னாங்க. நோயாளிகளைப் போய்ப் பார்த்தாங்க, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினாங்க.

ஆனா இந்தக் கதையில் மனசை அறுக்கிற ஒரு விஷயம் இருக்கு. ஆபரேஷன் அன்னிக்கே நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததை டாக்டர் கண்டுபிடிச்சுட்டார். அதை கணவர்கிட்டயும், பேப்பை உடனிருந்து கவனிச்ச தோழி பெட்டி டாட்கிட்டயும் சொன்னாங்க. பேப்கிட்ட சொல்லலை. தன் நோயை நாட்டுக்கே சொன்ன பெண்ணுக்கு, அந்த நோயைப் பத்தின முழு உண்மை மறைக்கப்பட்டுச்சு. அவங்க தாங்க மாட்டாங்கன்னு பயந்திருக்கலாம். அன்பால்தான் செஞ்சாங்க. ஆனா கேட்டுத் தாங்கிக்க முடியுமா, முடியாதாங்கிறதை முடிவு பண்ற வாய்ப்பு பேப்புக்குக் கிடைக்கலை.

1955-ல் நோய் திரும்பி வந்துச்சு. 1956 செப்டம்பர் 27-ல் கால்வெஸ்டனில் இறந்தாங்க. வயசு 45தான். அன்னிக்கு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தன் பத்திரிகையாளர் சந்திப்பையே இவங்களுக்கு அஞ்சலி சொல்லித்தான் ஆரம்பிச்சார்.

நம்ம வீடுகளிலும் இது நடக்குதே... பாட்டிக்கு என்ன நோய்னு எல்லாருக்கும் தெரியும், பாட்டியைத் தவிர. அடுத்த முறை வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு ரிப்போர்ட் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசுற நிலைமை வந்தா, பேப்பை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. உண்மை தெரிஞ்சிருந்தாலும் அவங்க அந்த மட்டையை எடுத்திருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. உங்களுக்கு?