ரஞ்சித்சிங்ஜி

ஒரகடத்து மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கு அண்மையிலுள்ள வல்லக்கோட்டையில் சென்ற கோடை விடுமுறையிற் சில நாள் தங்க நேர்ந்தது. மாலைதோறும் ஊர்ப்புறத்துத் தரிசு நிலத்திற் சிறுவர் கூடிக் கிரிக்கெட்டாடுவர். அவருள் பத்து வயதினன் ஒருவன், பந்து விரைந்து வருங்கால் வலக்காலைப் பின்வாங்கி ஒதுங்கிவிடுவான். மட்டை ஒருபுறமும் உடல் ஒருபுறமுமாக நிற்கும்; பந்து முளைகளைச் சாய்த்துச் செல்லும். வேலை முடிந்து தொழிற்சாலைச் சீருடையோடு வந்த அவன் தமையன், யாதொன்றும் கடிந்துரையாமல், ஒரு செங்கல்லை எடுத்து அவன் வலக்குதிகாலுக்குப் பின்னே வைத்துவிட்டு மெல்லப் பந்தெறியத் தொடங்கினான். கால் பின்னே நகருந்தோறும் கல்லில் இடறிற்று. மூன்றாம் நாள் அச்சிறுவன் ஒதுங்காமல் நின்று ஆடக் கண்டேன். அக்காட்சி எனக்கு ரஞ்சித்சிங்ஜியின் இளமையை நினைவூட்டிற்று. அவர் பெயரால் நடைபெறும் கோப்பைப் போட்டியை நம் மாணவர் யாவரும் அறிவர். அவர் வரலாற்றை அறிந்தார் சிலரே.

கத்தியவாரைச் சார்ந்த சரோதர் என்னும் சிற்றூரில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். நவாநகரத்து மன்னர் விபாஜி முதலில் அவரைத் தமக்குப் பின் அரசாளத் தெரிந்தெடுத்து, பின்னர்த் தமக்கொரு மகன் பிறக்கவே அவரைக் கைவிட்டார். அரசுரிமை இழந்த அச்சிறுவருக்கு இராஜகோட்டை இராஜகுமாரர் கல்லூரியே வீடாயிற்று. அதன் தலைமையாசிரியர் செஸ்டர் மக்னாட்டன் என்பார் மாணவர்க்குப் பாடத்தோடு கிரிக்கெட்டையும் கற்பித்தவர். அவரே 1888-ஆம் ஆண்டில் ரஞ்சித்சிங்ஜியை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

கேம்பிரிட்ஜில் திரினிட்டிக் கல்லூரி மாணவராயிருந்த காலத்து அவரிடம் கூரிய கண்ணும் விரைந்த கையும் இருந்தன. ஆயினும் ஒரு பெருங்குறையும் இருந்தது; அது வல்லக்கோட்டைச் சிறுவனிடம் யான் கண்ட குறையே. விரைவாக எறியப்படும் பந்துக்கு அவர் கால் பின்வாங்கிற்று. இக்குறை கோழைமையன்று; உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பேயாகும். அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலிலும் இளைஞர்க்கு மட்டையடி கற்பிப்போர் முதற்கண் போராடுவது இதனோடுதான். அங்கே இடக்கால் விலகும். அதனைத் தடுக்க அவர்களும் காலுக்குப் பின்னே ஒரு பலகையையோ மட்டையையோ கிடத்துவர். நில்லாத காலின்மேல் கண் நில்லாது. கண் நில்லாவிடின் கையின் திறமை வீணே.

ரஞ்சித்சிங்ஜி தம் குறையை மறைக்க முயன்றாரல்லர். கூலி கொடுத்து வல்ல பந்தெறிவோரை அமர்த்தி, நாள்தோறும் பலமணி நேரம் வலைக்குள் நின்று பயின்றார். பெயர்பெற்ற விரைவுப் பந்தாளரான ரிச்சர்ட்ஸன், லாக்வுட் போன்றோரும் அவருக்குப் பந்தெறிந்ததுண்டு. அவருக்குப் பயிற்சியளித்த டான் ஹேவர்டு என்பார் அவர் வலக்காலைத் தரையோடு பிணித்துக் கட்டிவிட்டாராம். ஓர் அரசகுமாரர் ஆடுகளத்தில் ஆடுபோற் கட்டுண்டு நின்ற காட்சியைக் கண்டு நகைத்தாரும் இருந்திருக்கலாம். விளைவு யாதெனின், பின்வாங்க வழியில்லாமையால் உடலை நோக்கிவரும் பந்தை வேறொரு வழியால் தீர்க்க வேண்டியதாயிற்று. வலக்கால் நிலைத்திருக்க, இடக்காலைக் குறுக்கே வைத்து, பந்து கடக்கும் அந்நொடியில் மணிக்கட்டைச் சிறிதே திருப்பினால், பந்து தன் விரைவாலேயே காலுக்குப் பின்புறமாக எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவதை அவர் கண்டார். லெக் கிளான்ஸ் என்று உலகம் இன்று வழங்கும் அடிமுறை இவ்வாறு அவர் கையிற் புகழ்பெற்றது. பந்தை வன்மையாலடிப்பதே ஆண்மையென்று கருதியிருந்த ஆங்கிலேயர்க்கு அஃதொரு மாயவித்தையாகத் தோன்றிற்று.

1893-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழக அணியில் இடம் பெற்றார். அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1895-இல் ஸஸெக்ஸ் அணிக்காக இலார்ட்ஸ் களத்தில் முதன்முறை ஆடியபோது, ஆட்டமிழக்காமல் 77 ஓட்டங்களும், இரண்டாம் முறை 150 ஓட்டங்களும் எடுத்தார்.

1896-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியர் இங்கிலாந்துக்கு வந்தனர். அக்காலத்தில் அணியைத் தெரிந்தெடுக்கும் உரிமை, ஆட்டம் நடக்கும் களத்துக்குரியாரிடம் இருந்தது. இலார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் ரஞ்சித்சிங்ஜிக்கு இடமில்லை. பம்பாயில் ஆளுநராயிருந்து மீண்ட ஹாரிஸ் பிரபு அப்போது ஆங்கு முதன்மை பெற்றிருந்தார். இங்கிலாந்திற் பிறவாத ஒருவர் இங்கிலாந்துக்காக ஆடுவது தகாதென்பது அவர் கொள்கை. ஹாரிஸ் பிரபுவே கடல்கடந்து திரினிதாதிற் பிறந்தவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. மாஞ்செஸ்டர்க் களத்தார் அக்கொள்கையைப் பொருட்படுத்தாமல் அவரை அழைத்தனர். ஆஸ்திரேலியத் தலைவர் திராட்டும் இசைந்தார். முதலில் 62 ஓட்டங்கள் எடுத்த அவர், தம் அணி தோல்வியை எதிர்நோக்கியிருந்த இரண்டாம் ஆட்டத்தில் 154 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். இங்கிலாந்து தோற்றது, ஆயினும் அவரை அணிக்கு ஆகாரென்ற பேச்சு அன்றோடு ஒடுங்கிற்று. அவ்வாண்டிலேயே ஹோவ் நகரில் யார்க்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் இருமுறை சதமடித்தார். 1899-இல் அவரெடுத்த ஓட்டங்கள் 3159. ஒரே பருவத்தில் மூவாயிரத்தைக் கடந்த முதல்வர் அவர்.

1897-இல் சி. பி. பிரை என்னும் நண்பரின் துணையோடு கிரிக்கெட்டைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். அந்நூலில் இளைஞர் மட்டை பிடிக்கும் முறையும், பந்தை இறுதிவரை நோக்குவதன் இன்றியமையாமையும் விளக்கப்பட்டுள்ளன. தாம் கட்டுண்டு கற்றதனைப் பிறர் எளிதிற் கற்கவேண்டுமென அவர் விழைந்தார் போலும்.

1907-இல் நவாநகரத்து அரசு அவர்க்கே கிடைத்தது. 1915-இல் வேட்டையில் நேர்ந்த விபத்தால் வலக்கண்ணை இழந்தார். அதன்பின்னும் 1920-இல் ஸஸெக்ஸுக்காக மூன்று ஆட்டங்கள் ஆடியது வியப்பே. உடல் பெருத்து, ஒரு கண்ணிழந்த அவரால் ஓட்டங்கள் எடுக்க இயலவில்லை.

புகழ்ச்சியே எழுதுவது முறையன்று. தம் உடன்பிறந்தார் மகனாகிய துலீப்சிங்ஜி இலார்ட்ஸ் களத்தில் 1930-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியர்க்கு எதிராக 173 ஓட்டங்கள் எடுத்ததைக் கண்டு மகிழ்ந்த அவர், இந்தியக் கிரிக்கெட்டின் வளர்ச்சிக்குத் தம் செல்வத்தையும் செல்வாக்கையும் போதியவாறு பயன்படுத்தினாரல்லர் என்று பலர் கூறுவர். அக்குறைபாடு நேரியதே என்பது என் கருத்து. அவர் ஆடியது இங்கிலாந்துக்காக. தம்மை அவ்வாறே அவர் எண்ணினார். இந்தியா 1932-இல் முதல் டெஸ்டு ஆடியபோது அவர் உயிரோடிருந்தும் அதன் வழிகாட்டியாக விளங்கவில்லை.

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஜாம்நகரில் அவர் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரால் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. எம். ஜே. கோபாலன் முதற் பந்தை எறிந்தார், ஏ. ஜி. ராம்சிங் இரண்டு ஆட்டங்களிலுமாக 11 பேரை வீழ்த்தினார். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது, சென்னை 130. அன்று பொழுது சாயுமுன் ஆட்டம் முடிந்துவிட்டது.