புகைக்கு எதிராகச் சாட்சி சொன்ன டாக்டர்

மார்புக்குள் கத்தி வைத்தால் நோயாளி பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம்.

இவர் 1883-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையும் ஆபரேஷன் டாக்டரே. கிரஹாம் 1907-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் பணியாற்றினார்.

1918-ல் ராணுவ முகாம்களில் நிமோனியா பரவியது. சிப்பாய்கள் பலருக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியது. உடனே விலாவைத் திறந்து சீழை எடுத்தார்கள். நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்தார்கள். காரணத்தை ஆராய்ந்த குழுவில் கிரஹாமும் இருந்தார். விலாவை அவசரப்பட்டுத் திறப்பதால் வெளிக்காற்று உள்ளே புகுந்து நோயாளி மூச்சுத் திணறிச் சாகிறான் என்று கண்டார். முதலில் ஊசி மூலமோ, காற்றுப் புகாத குழாய் மூலமோ சீழை எடுக்கும்படி குழு கூறியது. சாவு நூற்றுக்கு 5-க்கும் கீழே இறங்கியது.

1919-ல் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். 1933-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, புற்றுநோய் கண்ட 48 வயது டாக்டர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு பகுதியை மட்டும் எடுக்கத்தான் எண்ணியிருந்தார். நோய் பரவியிருந்ததால் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்தார். நோயாளி பிழைத்து, மீண்டும் தொழிலுக்குத் திரும்பினார்.

அந்தக் காலத்தில் மருத்துவப் பட்டம் இருந்தால் போதும். தனிப் பயிற்சி இல்லாமலே ஆபரேஷன் செய்யலாம். இதை கிரஹாம் எதிர்த்தார். பல ஆண்டு பயிற்சி பெற்று, பரீட்சை எழுதித் தேறியவர்களுக்குச் சான்று வழங்க 1937-ல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் அவரே.

இத்தனை படித்தவருக்கும் ஒரு பழக்கம். சிகரெட் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று மற்ற டாக்டர்கள் சொன்னபோது, பெண்களின் காலுறை விற்பனையும்தான் கூடியிருக்கிறது என்று கேலி செய்தார். ஆனால் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மாணவர் இதை ஆராய விரும்பியபோது தடுக்கவில்லை. இருவரும் 684 நோயாளிகளை ஆராய்ந்து, 1950-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்ட ஆண்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் சிகரெட் குடித்தவர்கள். கிரஹாம் தன் பழைய கருத்தைக் கைவிட்டார். சிகரெட்டையும் விட்டார். புகையிலைத் தாரைச் சுண்டெலிகளின் தோலில் பூசிச் சோதித்தபோது அவற்றுக்கும் புற்றுநோய் வந்தது.

ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-ன் தொடக்கத்தில் அவருடைய இரண்டு நுரையீரல்களிலும் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. எந்த ஆபரேஷனில் பெயர் பெற்றாரோ, அதனால் அவருக்குப் பயன் இல்லை. மார்ச் 4-ந் தேதி காலமானார். அவர் 1933-ல் காப்பாற்றிய நோயாளி, அவருக்குப் பிறகு இன்னும் 6 ஆண்டுகள் உயிரோடிருந்தார்.