ஒகோவே ஆற்றங்கரை டாக்டர்

 

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதணும்னு தமிழம்மா சொன்னாங்க. காந்தி, அப்துல் கலாம், அன்னை தெரசா எல்லாரையும் மற்றவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் நூலக அலமாரியில் தேடி ஆல்பர்ட் சுவைட்சரை எடுத்தேன். அவர் கதையைப் படிக்கப் போனேன். ஆனால் அவர் வாழ்ந்த ஊர் மக்களின் கதைதான் என் மனசில் நின்றுவிட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இளமைக் காலம்

சுவைட்சர் 1875-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அல்சாஸ் பகுதியில் பிறந்தார். அது அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது பிரான்சில் இருக்கிறது. அப்பா பாதிரியார். சின்ன வயசில் ஒரு நாள் கூட்டாளியோடு கவட்டை எடுத்துக்கொண்டு குருவி அடிக்கப் போனார். குறி பார்க்கும் நேரத்தில் கோயில் மணி அடித்தது. உடனே கவட்டையைக் கீழே போட்டு, குருவிகளை விரட்டிப் பறக்க விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்.

வளர்ந்த பிறகு தத்துவத்திலும் இறையியலிலும் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியை வாசிப்பதில் புகழ் பெற்றார். 21 வயதிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார். 30 வயது வரை படிப்பும் இசையும், அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு நேராகத் தொண்டு. 1904-இல் ஒரு பத்திரிகையில், ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு மக்களுக்கு உதவ ஆள் தேவை என்று படித்தார். 1905-இல், 30 வயதில், கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மருத்துவம் படிக்க மாணவனாகச் சேர்ந்தார். நமக்கு ஒரு வருஷம் அதிகம் படிக்கச் சொன்னாலே அழுகை வருது, இல்லையா?

ஆறுதான் சாலை

1913-இல் சுவைட்சரும், செவிலியர் பயிற்சி பெற்ற அவர் மனைவி ஹெலேனும் 70 பெட்டிகளில் சாமான்களோடு கப்பல் ஏறினார்கள். பிறகு ஆற்றுப் படகில் போய் லம்பரேனே என்ற ஊரில் இறங்கினார்கள். அது பூமத்திய ரேகைக்கு மிக அருகில், ஒகோவே ஆற்றின் கரையில், மழைக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே சாலை கிடையாது. எங்கே போவதானாலும் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில்தான் போகணும். மரவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும்தான் முக்கியமான சாப்பாடு. மலேரியா, தொழுநோய், சீதபேதி, குடலிறக்கம், காலை அரிக்கும் புண்கள் என்று நோய்களுக்குக் குறைவில்லை. செட்சி என்ற ஈ கடித்துத் தூக்க நோய் வரும். முதலில் காய்ச்சலும் தலைவலியும் வரும், பிறகு மனுஷன் தூங்கித் தூங்கியே செத்துப்போவான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் தேடணும். நோயாளிகள் பல நாள் துடுப்புப் போட்டு வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் எத்தனை பேரோ? நோய் பாதி, தூரம் பாதி என்று எனக்குத் தோன்றியது.

கோழிக்கூட்டில் ஆஸ்பத்திரி

முதலில் மருத்துவம் பார்க்க இடமே இல்லை. ஒரு பழைய கோழிக்கூட்டைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, அதில்தான் ஆரம்பித்தார். ஜன்னல் கிடையாது. கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கியதால் உள்ளேயும் தொப்பி போட்டுக்கொண்டே வேலை பார்த்தாராம். முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 2000 பேருக்குச் சிகிச்சை அளித்தார். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தது ஹெலேன்தான்.

மக்கள் அவரை ஒகாங்கா என்று கூப்பிட்டார்கள். அப்படின்னா மந்திரக்காரர். ஒவ்வொரு நோயாளிக்கும் எண் எழுதிய ஒரு வட்ட அட்டையைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் பதிவேட்டில் அவருடைய நோயைப் பார்க்க முடியும். அவர்களோ அதைத் தாயத்து மாதிரி கழுத்தில் பத்திரமாகப் போட்டிருந்தார்கள். காலி மருந்துப் புட்டிகளைத் திருப்பித் தரணும் என்று தினமும் காலையில் அறிவிப்பார்கள். அந்தக் காட்டில் புட்டி கிடைப்பதே அவ்வளவு கஷ்டம்.

அறிவிப்பு செய்தவர்களில் ஒருவர் ஜோசப் அசோவானி. நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே உதவியாளராகத் தங்கிவிட்டார். அந்த ஊர் மொழிகள் தெரிந்த அவர் இல்லாவிட்டால், நோயாளி சொல்வது டாக்டருக்குப் புரிந்திருக்காது. ஜோசப் முன்பு சமையல்காரர். அதனால் ஒருத்தருக்குத் தொடை வலி என்றால் ஆட்டுத் தொடைக்கறி இருக்கும் இடத்தில் வலி என்பது போலச் சொல்வாராம். படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் தம்பி என்னாச்சுன்னு ஓடி வந்துட்டான்.

ஊர் மாதிரி ஓர் ஆஸ்பத்திரி

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்று பிரெஞ்சு அரசு அவரைக் காவலில் வைத்தது. 1917-இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1924-இல் அவர் திரும்பி வந்தபோது கட்டடங்கள் இடிந்து காடு மண்டிக் கிடந்தது. மறுபடி கட்டினார். அடுத்த வருஷமே சீதபேதியும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. ஆண்கள் பலர் மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டதால் தோட்டம் போட ஆளில்லை. வெட்டிய மரமெல்லாம் ஐரோப்பாவுக்குப் போனது, வெட்டியவர்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. இதைப் படித்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது.

பழைய இடம் போதாததால் 3 கிலோமீட்டர் தள்ளிப் புது ஆஸ்பத்திரி கட்டி 1927-இல் அங்கே மாறினார்கள். ஆறு பெருகினால் தண்ணீர் ஏறாதபடி தூண் நட்டு உயரத்தில் கட்டினார்கள். வெயில் பக்கச் சுவரில் விழாமல் கூரை மேலேயே விழட்டும் என்று கட்டடங்களைக் கிழக்கு மேற்காக அமைத்தார்கள். நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கிக்கொள்ளலாம், அடுப்பு மூட்டிச் சமைக்கலாம். உடம்பு நன்றாக இருப்பவர்கள் பதிலுக்கு வேலை செய்தார்கள். ஆடு, கோழி எல்லாம் உள்ளேயே சுற்றும்.

போன வருஷம் எங்க அப்பத்தா கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாங்க. பக்கத்தில் அம்மா இல்லாவிட்டால் அவங்க கஞ்சிகூடக் குடிக்க மாட்டாங்க. அதனால் சுவைட்சர் ஏன் அப்படிக் கட்டினார் என்று எனக்குச் சட்டெனப் புரிந்தது.

புகழும் குறையும்

எல்லா உயிரையும் மதிக்கணும் என்பதுதான் அவருடைய கொள்கை. 1915-இல் ஆற்றுப் பயணத்தில் நீர்யானைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் அவருக்குத் தெளிவானது. 1952-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கு வீடு கட்டச் செலவிட்டார்.

ஒரு குறையையும் எழுதணும். ஆப்பிரிக்க மக்களைத் தம்பிகள் என்றும் தன்னை அண்ணன் என்றும் அவர் நினைத்தார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அவங்க ஊரில், அவங்க ஆற்றில், அவங்க துடுப்புப் போட்டு இவரைக் கூட்டிப் போனார்கள். அப்புறம் எப்படி அவங்க மட்டும் சின்னவங்க ஆவாங்க? அறிவியல் சார்கிட்ட கேட்டேன். பெரியவர்களிடமும் தப்பு இருக்கும், தப்பைச் சொல்வதால் அவர் செய்த நல்லது அழியாது என்று சொன்னார்.

1960-இல் காபோன் சுதந்திரம் பெற்றது. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், 90 வயதில், சுவைட்சர் லம்பரேனேயிலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசி சோதிக்கப்பட்ட இடங்களில் லம்பரேனேயும் ஒன்று.

நானும் டாக்டர் ஆவேன் என்று முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கணக்கு மார்க் உங்கள் எல்லாருக்கும் தெரியும்! ஜோசப் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஓடம் ஓட்டியவர்களும் இல்லை. அவர்கள் இல்லாமல் ஒரு நோயாளிகூட அந்தக் கோழிக்கூடு வரை வந்து பேசியிருக்க முடியாது. எங்க தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. மாத்திரை அட்டையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று நான்தான் இப்போது தினமும் பிரித்துக் கொடுக்கிறேன். இந்தக் கட்டுரை எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி